சிகாமணி எத்தனை சுற்று?

ஜூன் 8, ஞாயிறு

கோபியிலிருந்து கோயம்புத்தூர் வரை ஜன்னலோர சீட்டு. பக்கத்தில் யாரும் என் தோளைத் தலையணையாக நினைக்கவில்லை. வறுத்த கடலையை யாருக்கும் பங்கு கொடுக்கவில்லை. ஐம்பத்தோரு வயதில் ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்?

என் கணவர் தெய்வசிகாமணி அவருடைய அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டார். தோட்டத்துக் கிணற்று மோட்டார் ஓடவில்லையாம். முப்பத்திரண்டு வருடம் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். ஓடாத மோட்டார் ஒன்று கிடைத்துவிட்டால் பெண்டாட்டி கண்ணுக்குத் தெரிவாளா? இரண்டு நாளில் வந்துவிடுவார்.

போனது நங்கையின் பேரனுக்குக் காதுகுத்து. (நங்கை என்றால் எங்கள் பக்கத்தில் நாத்தனார். வேறு ஜில்லாக்காரர் யாராவது இந்த டைரியைத் திருடிப் படித்தால் திணறக்கூடாது என்று எழுதி வைக்கிறேன்.) தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். குழந்தை அழவில்லை, தாய்மாமன் அழுதான். முன்வரிசையில் ஓர் அம்மா கழுத்தில் மூன்று ஆரம். மூன்றும் கவரிங். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் நானும் அதே கடையில்தான் வாங்குகிறேன்.

பந்தியில் சின்னதாக ஒரு தமாஷ் நடந்தது. எழுதுகிற அளவுக்கு ஒன்றுமில்லை.

நாளையிலிருந்து ஆபீசுக்குப் பத்து நாள் விடுப்பு. கேஸ் பதிய வேண்டும். மாவு ஆட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமைக்கு மேல் லேபில் ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க வேண்டும். ஏழு டெமோ.


ஜூன் 9, திங்கள்

டெமோ விழா தொடங்கிவிட்டது. இனிமேல் வரப்போகிற கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் முதல் ஒரு மணி நேரத்தை இரண்டு வாரத்துக்கு இலவசமாக விளையாட விடுவார்கள். புடவைக் கடையில் முந்தானையை மட்டும் விரித்துக் காட்டுகிற மாதிரி. நூற்றுக்கணக்கில் வரும். அதில் போர், உத்தி, வியூகம் என்று மூளையைக் கசக்குகிறவற்றை மட்டும் பொறுக்கி, 'தவறவிடக்கூடாத ஏழு' என்று ஓர் இணைய இதழில் பரிந்துரைப்பது என் வேலை. பகலில் பம்ப் கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவு, சாயங்காலம் படைத்தலைவி.

இந்தப் பைத்தியம் பிடித்து இரண்டு வருடம் ஆகிறது. ஓர் ஆபரேஷன் முடிந்து நான் இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது, சீரியல் பார்க்கட்டும் என்று இவர் பழைய லேப்டாப் ஒன்று வாங்கிவந்தார். அதில் யாரோ விட்டுவைத்த போர் விளையாட்டு ஒன்று இருந்தது. சீரியல் பார்த்திருந்தால் குடும்பத்துக்கு நல்லதாக இருந்திருக்கும்.

என் பத்திக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. காரணம் சிகாமணி. இந்த ஆட்டங்களில் படைவீரர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். விளையாடுகிற முக்கால்வாசிப் பேர் வீட்டு ஆட்கள் பெயரைத்தான் வைப்பார்கள். அப்போதுதான் செத்தால் துக்கமாக இருக்கும், கவனமாக விளையாடுவோம். என் முதல் வீரனுக்குச் சிகாமணி என்று பெயர். ஆட்டம் தொடங்கும்போது வரைபடம் முழுக்க மூடுபனி. யாராவது ஒருவர் முன்னால் நடந்தால்தான் எதிரி எந்தப் பாறைக்குப் பின்னால் இருக்கிறான் என்று தெரியும். நான் சிகாமணியை அனுப்புவேன். அவர் எத்தனை சுற்று உயிரோடு இருந்தார் என்பதுதான் என் பத்தியின் அளவுகோல். 'சிகாமணி: ஆறு சுற்று' என்றால் யாரும் விளையாடலாம். 'சிகாமணி: ஒரு சுற்று' என்றால் பழகியவர்கள் மட்டும் தொடவும். மற்ற விமர்சகர்கள் நட்சத்திரம் கொடுக்கிறார்கள். நான் கணவரைக் கொடுக்கிறேன்.

இன்றைய டெமோ: தவளைப்படை. (நிஜப் பெயர் நீளமான இங்கிலீஷ். என் வாசகர்களுக்காக நானே ஒரு பெயர் வைத்துவிடுவேன்.) சதுப்பு நிலம், ஈட்டி பிடித்த தவளைகள், ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீர் ஓர் அடி ஏறுகிறது. தவளைக்குத் தண்ணீர் ஏறினால் என்ன என்று கேட்பீர்கள். பாம்பும் நீந்தும். நல்ல ஆட்டம். லேப்டாப் மட்டும் உளுந்து போட்ட கிரைண்டர் மாதிரி இரைந்தது.

சிகாமணி: — பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.


ஜூன் 10, செவ்வாய்

கேஸ் வந்தது. மாவு புளித்துவிட்டது. லேபிலிருந்து என் போனுக்குச் செய்தி எதுவும் வரவில்லை. வந்தால் போகலாம்.


ஜூன் 11, புதன்

காலையில் எதிர் ஃபிளாட் ருக்குமணி குப்பை கொட்டுகிற சாக்கில் வாசலில் நின்றாள். அவளுடைய குப்பைக்கூடையில் குப்பை இல்லை, நான் பார்த்தேன்.

"சாரைக் காணமுங்களே ரெண்டு நாளா?"

"அவங்கக்கா வீட்ல மோட்டார் ரிப்பேருங்க."

"அப்பிடீங்ளா. எங்கூட்டுக்காரரும் ஒருக்கா இப்பிடித்தான், பம்ப்செட் பாத்துட்டு வந்தர்றேன்னு போனாரு. மூணு மாசம்."

"அது எத்தன ஹெச்பிங்க?" என்று கேட்டேன். கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மதியம் கூட்டணி ஆட்டம். சண்டை கிடையாது, சட்டசபை மட்டும். ஒரே மந்திரி பதவியை மூன்று பேருக்கு வாக்குக் கொடுக்கலாம். மூவரும் ஒரே அறையில் சந்தித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் உத்தி. கல்யாண வீட்டில் ஒரே முன்வரிசை நாற்காலியை மூன்று அத்தைகளுக்குச் சொல்லி வைத்துச் சமாளித்த அனுபவம் எனக்கு உண்டு. எனவே முதல் முயற்சியிலேயே முதலமைச்சர் ஆனேன். இதில் சிகாமணி சாக வழியே இல்லை என்பதில் ஒரு நிம்மதி. நிம்மதி என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

சாயங்காலம் நங்கை போன் செய்தார்.

"ஏ கோகிலா, சாப்ட்டியா சாமி?"

"ஆச்சுங் நங்கையா. மோட்டார் எப்பிடி இருக்குதுங்க?"

"மோட்டாரா? அது ஞாயித்துக்கிழம பொழுதோடயே ஓடிருச்சே. ஒரு போல்ட்டுத்தான் லூசு. உன்ற வீட்டுக்காரன் கைய வெச்சான், ஓடுச்சு."

"அப்பறம் என்ன பண்றாருங்க அங்க?"

"என்னத்தப் பண்றான். தென்னமரத்தடில கட்டலப் போட்டுக்கிட்டு நாளெல்லாம் போனையே பாத்துக்கிட்டிருக்கறான். என்னடான்னா, படிக்கறேன்கறான். அம்பத்தேழு வயசுல எந்தப் பரிச்சைக்குன்னு தெரியல." கொஞ்சம் நிறுத்தி, "சண்டயா?" என்றார்.

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்."

"செரி, நீ சொன்னாச் செரி," என்றார். அந்த 'செரி'க்கு ஒரு பக்கம் அர்த்தம் எழுதலாம்.

நான் போன் பண்ணலாம்தான். அவரும் பண்ணலாம். உத்தி ஆட்டத்தில் முதலில் நகர்கிறவர் தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்.


ஜூன் 12, வியாழன்

ரயில் ஆட்டம். எதிரி நாட்டுக்குள் ஒரே ஒரு ரயில், ஐந்து பெட்டி. துரத்துகிறவர்கள் நெருங்க நெருங்க, ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றிவிட்டு வேகத்தைக் கூட்ட வேண்டும். சமையல் பெட்டியா, மருந்துப் பெட்டியா, குண்டுப் பெட்டியா? நான் கூசாமல் முதலில் கழற்றிவிட்டது மெயின்டனன்ஸ் பெட்டியை. அடுத்த ஸ்டேஷனுக்கு முன்னாலேயே இன்ஜின் நின்றுவிட்டது. டெமோவும் முடிந்தது. பரிந்துரைக்கிறேன்.

பந்தியில் நடந்ததை எழுதிவிடலாம். யாரோ என்னைப் பற்றித் தப்பாக எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிக்கொள்வது நல்லது.

இலையில் ஒப்பிட்டு, அதாவது பருப்புப் போளி, வைத்துக்கொண்டிருந்தார்கள். நங்கையின் மருமகன் வழியில் ஏதோ சொந்தம், பெங்களூரில் வேலை பார்க்கிற ஒருவர், எங்களுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில் நான் எழுதுகிறவள் என்று தெரிந்ததும் இலையிலிருந்து எழுந்தே விட்டார். எச்சில் கையோடு இவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஏனுங்ணா, நீங்கதான் அந்தச் சிகாமணியா? ஐயோ, போன மாசங்கூட மொத சுத்துலயே போயிட்டீங்களே!"

பந்தியே திரும்பியது. அந்த மனிதர் எல்லோருக்கும் விளக்கினார். நன்றாகவே விளக்கினார்; என் எழுத்தை அவ்வளவு கவனமாகப் படித்தவரை நான் பார்த்ததில்லை. எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்க்க அக்கா முதலில் அண்ணனை அனுப்புவார்கள், அண்ணன் செத்ததும் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மற்றவர்களைப் பத்திரமாகக் கொண்டுபோவார்கள், இரண்டு வருடமாக ஒரு தடவைகூட அண்ணன் கடைசிவரை வந்ததில்லை. சாம்பார் வாளியோடு வந்தவர், "அப்ப சிகாமணிக்கு மொதல்ல ஊத்துங்கப்பா, அவரு சீக்கிரம் போகோணும்" என்றார். பந்தல் அதிரச் சிரிப்பு.

இவரும் சிரித்தார். அதைக் கண்ணால் பார்த்தேன். ஆகவே கோபமில்லை என்று முடிவு செய்தேன்.

இவர் இலையை மூடும்போது ஒப்பிட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. ஒப்பிட்டுக்காகத் தூரத்துச் சொந்தத்தின் தூரத்துச் சொந்தம் கல்யாணத்துக்கெல்லாம் போகிற மனிதர் அவர்.

பஸ் ஸ்டாண்டில், வண்டி நிற்பதற்குள் எனக்கு முன்னால் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தார். நான் ஏறி உட்கார்ந்து பார்க்கிறேன், அவர் கீழேயே நிற்கிறார். "நீ போ கோகிலா. எனக்கு இங்க மோட்டார் வேல கெடக்குது." முதல் நாள் ஜன்னலோர சீட்டு என்று பெருமையாக எழுதியிருக்கிறேனே, அது அந்தச் சீட்டுத்தான். துண்டு என் பையில் இருக்கிறது.


ஜூன் 13, வெள்ளி

இந்த விழாவிலேயே சிறந்தது இன்று கிடைத்தது. கணவாய் ஆட்டம். நான்கு பேர் கொண்ட சிறு படை, பனி மூடிய ஒரு மலைக்கணவாய், அந்தப் பக்கம் கிராமம். செத்தவர் செத்தவர்தான், திரும்ப வருவதில்லை. ஓசையை வைத்து எதிரியைக் கணிக்க வேண்டும். கல் உருண்டால் இடது பக்கம், காக்கை பறந்தால் மேலே. இப்படி ஒன்றைச் செய்தவர்களுக்குக் கைகொடுக்கத் தோன்றுகிறது.

ஒரு சோதனை செய்தேன். சிகாமணியைப் பின்வரிசையில் நிறுத்தினேன். முன்னால் ருக்குமணி. மூன்றாவது அடியில் செத்தாள். நாலு பேரும் செத்தார்கள். இரண்டாவது முறை முன்னால் நங்கை. அவர் நிஜத்திலும் யார் பேச்சையும் கேட்கமாட்டார், ஆட்டத்திலும் தானாக இடது பக்கம் போன மாதிரி எனக்குப் பட்டது. எல்லாரும் சாவு. மூன்றாவது முறை கோகிலவாணியை, அதாவது என்னையே, முன்னால் அனுப்பினேன்.

அனுப்பவில்லை. எதிரில் பனி. கல் உருண்டது. மவுஸில் விரலை வைத்துக்கொண்டு எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பொம்மை அது. விரற்கடை உயரம். பிறகு குக்கர் விசில் அடித்தது என்று எழுந்து போய்விட்டேன். குக்கரே வைக்கவில்லை.

அடுப்படியில் நின்று யோசித்தால், சிகாமணியை முன்னால் அனுப்புவதை நான் லேப்டாப்பில் கற்றுக்கொள்ளவில்லை என்று தெரிகிறது. பரணில் சத்தம் கேட்டால் ஏணியில் ஏறுவது அவர். விசேஷ வீடுகளில், எனக்குப் பிடிக்காத பெரியப்பா மகள் கிளம்பிவிட்டாளா என்று மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்து வருவது அவர், நான் செருப்புக் கழற்றுகிற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். புது ஊறுகாயை முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பதும் அவர்தான். முகம் கோணினால் அந்த பாட்டில் ருக்குமணிக்குப் போகும்.

அப்புறம் லேப் மாடிப்படி.

சாதம் குழைந்துவிட்டது.


ஜூன் 14, சனி

லேபிலிருந்து என் போனுக்குச் செய்தி வரவில்லை என்று எழுதியிருந்தேன். வராது. படிவத்தில் போன் நம்பர் என்ற இடத்தில் நான் எழுதியது அவருடைய நம்பர். எப்போதும் அதைத்தான் எழுதுவேன். செவ்வாய்க்கிழமையும் எனக்கு அது தெரியும்.


ஜூன் 15, ஞாயிறு

கட்டுரையை முடித்து அனுப்பினேன். தவளை, கூட்டணி, ரயில், கணவாய், எறும்புகள், மடத்துச் சமையலறை, கடைசியாகக் கப்பல் ஒன்று. கப்பலைப் பரிந்துரைக்க மனமில்லை; ஆனால் தலைப்பில் ஏழு என்று போட்டாகிவிட்டது.

அரை மணி நேரத்தில் ஆசிரியை ஷெரின் போன் செய்தாள். நாகர்கோவில் பெண், சென்னையில் இருக்கிறாள், கண்டிப்பைச் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

"மேடம், சூப்பரா இருக்கு. அந்த மெயின்டனன்ஸ் பெட்டி இருக்கே, ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சோம். ஆனா சிகாமணி எங்க?"

"இந்தத் தடவ வேண்டாம்னு நெனைச்சேன்."

"வேண்டாமா? மேடம், வாசகர்கள் மெயில்ல ஆட்டத்த பத்தியே கேக்கறதில்ல. 'சிகாமணி எத்தனை சுற்று'ன்னுதான் கேக்கறாங்க. இந்த தடவ தலைப்புலயே போட்டிருக்கேன்."

"நட்சத்திரம் போட்டுக்கலாமே ஷெரின்."

"நட்சத்திரம் எல்லாரும்தான் போடறாங்க." பிறகு குரலை இறக்கி, "சார் நல்லாத்தான இருக்காரு?" என்றாள்.

"மோட்டார் ரிப்பேர் பண்ணப் போயிருக்கார்."

"அப்ப சரி. செவ்வாய்க்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள ஏழு நம்பர் மட்டும் அனுப்பிடுங்க. ஏழு நம்பர்தானே மேடம்!"

ஏழு நம்பர்தான். தோன்றியதைப் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? தவளையில் மூன்று, எறும்பில் ஐந்து. பேனாவை எடுத்தேன். வீட்டில் அவருடைய கண்ணாடிக் கூடு, டிவி மேல் அவர் மடித்து வைத்த பேப்பர், ஸ்டாண்டில் ஸ்க்ரூடிரைவர். எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

நாளைக் காலை லேபுக்குப் போகிறேன். இதை மையில் எழுதியிருக்கிறேன்.


ஜூன் 16, திங்கள்

போனேன்.

ஒன்பது மணிக்குக் கிளம்புவதாக இருந்தது. புடவையை இரண்டு தடவை மாற்றினேன். ரிப்போர்ட் வாங்கப் போகிறவள் எதற்குப் புடவை மாற்ற வேண்டும் என்று கண்ணாடி கேட்டது. கிளம்பும்போது பதினொன்று.

லேப் இரண்டாவது மாடி. இரண்டு வருடத்துக்கு முன் நான் இந்தப் படியில் ஏறவில்லை. எதிர் பேக்கரியில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தேன், அவர்தான் ஏறினார். இறங்கிவர நேரமானது. கவுண்டரில் கூட்டம் என்றார். கூட்டமில்லை, ஏழு நிமிடம் படியிலேயே உட்கார்ந்திருந்தார் என்று பிறகு வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். சாலையைக் கடந்து வந்தபோது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "ஒரு சின்ன ஆபரேஷன், அவ்வளவுதான்" என்றார். அந்த முகத்தை நம்பித்தான் நான் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனேன்.

இன்று நானே ஏறினேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"கோகிலவாணிங்களா? இதக் காலைல பத்து மணிக்கே சார் வந்து வாங்கிட்டுப் போயிட்டாருங்களே."

"எந்த சாருங்க?"

நோட்டைத் திருப்பிக் காட்டினாள். தெய்வசிகாமணி, கையெழுத்து. பக்கத்தில் உறவுமுறை என்ற கட்டம். 'கணவர்' என்று எழுதியிருந்தது. குனிந்து பார்த்தேன். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று எழுதினால் என் மரியாதை போய்விடும். பேக்கரியில், நான் அன்று உட்கார்ந்திருந்த அதே மேஜையில் அவர். முன்னால் மூன்று காலி டீ கிளாஸ். அதற்குப் பக்கத்தில் பெரிய வெள்ளைக் கவர், ஒட்டினது ஒட்டினபடி.

"எப்ப வந்தீங்க?"

"கோபில ஆறு மணி வண்டி. செவ்வாக்கெழமயே மெசேஜ் வந்துருச்சு. நீ வாங்கிருப்பேன்னு நெனச்சேன். நேத்து மறுபடி ஞாபகப்படுத்தி அனுப்புனாங்க. அப்பத்தான் நீ போகலன்னு தெரிஞ்சுது."

"வீட்டுக்கு வர்றதுதானுங்க?"

"நீயா வர்றயான்னு பாக்கலாம்னு இருந்தேன்."

"வரலீன்னா?"

"நாலாவது டீ."

கவரைப் பார்த்தேன். "பிரிச்சுப் பாத்தீங்ளா?"

"இல்ல."

"ஏனுங்க?"

"முப்பத்தொண்ணு," என்றார். "உக்காந்து அத்தனையும் படிச்சேன். முப்பத்தொரு தடவ செத்திருக்கறேன். ஒருக்கா கோழி கொத்தி."

"அது தீக்கோழிங்க."

"கோழிதான." டீ கிளாஸை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். "பந்தில சிரிச்சாங்கன்னு எனக்குக் கோவமில்ல கோகிலா. படிச்சா எனக்கே சிரிப்புத்தான் வருது. நல்லாத்தான் எழுதறே. ஆனா முப்பத்தொரு எடத்துலயும் சிகாமணிய அனுப்பினேன், சிகாமணிய அனுப்பினேன்னே இருக்குது. ஒரு எடத்துலயாவது அவனக் கேட்டியா?"

நான் நகைச்சுவை எழுத்தாளர். அவர் அடுக்கிய கிளாஸ்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன்.

கவரை என் பக்கம் நகர்த்தினார். "வாங்கியாறது என் வேல. வாங்கியாந்துட்டேன். இந்தத் தடவ நீ முன்னால போ. நான் பின்னாலதான உக்காந்திருக்கறேன்."

பிரித்தேன். பிரிப்பது கஷ்டமில்லை. எதிரில் ஒருவர் நாம் படிப்பதைப் படித்துக்கொண்டிருக்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் கஷ்டம். முதல் வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, அவர் அன்று ஏழு நிமிடம் படியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று. ஒரு முகம் தயார் பண்ணிக்கொண்டிருந்தார். எனக்காக.

"என்ன கோகிலா? மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியலயே."

"இருங்க, இப்பத்தான் ரெண்டாவது பக்கம்." கடைசி வரி வரைக்கும் போனேன். "புதுசா ஒண்ணுமில்லீங். எல்லாம் அப்பிடியேதான் இருக்குதாமா. அடுத்த வருசம் வரச் சொல்லிருக்குது."

அவர் காலி கிளாஸ்களை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு கடைக்காரரைப் பார்த்துக் கைதட்டி, "ரெண்டு தேங்கா பன்னுங்க" என்றார். என் பையில் கைவிட்டு அவருடைய துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையாம். தலைக்கு மேல் ஃபேன் தலைமுடி பறக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டு பன்னையும் அவரே தின்றார். 


ஜூன் 17, செவ்வாய்

காலை ஒன்பது மணி. ருக்குமணி மறுபடியும் காலிக் கூடையோடு வந்தாள். கதவைத் திறந்தவர் இவர். "மோட்டார் ஓடிருச்சுங்களா?" என்றாள். "அது ஓடிட்டேதானுங்க இருந்துது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பாவம், இன்று முழுக்க அவளுக்கு அதுவே வேலை.

ஷெரினுக்குப் பன்னிரண்டு மணிக்குள் ஏழு எண். இவரிடம் நேரடியாகக் கேட்டேன். முப்பத்திரண்டாவது தடவைக்கு முதல் தடவையாக அனுமதி கேட்டேன் என்பது சரித்திரத்தில் பதிவாகட்டும்.

"ஏனுங்க, உங்க பேரப் போட்டுக்கறதா வேண்டாமா?"

"எந்த ஆட்டம்?"

கணவாய் ஆட்டத்தைக் காட்டினேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டினார். இரண்டு வருடமாக என் பின்னால் போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறாரே தவிர மவுஸைத் தொட்டதில்லை. மோட்டாரைத் திறக்கிற மாதிரி முதலில் எல்லா பட்டனையும் பார்வையிட்டார். பிறகு நான்கு பெயர்களை ஒற்றை விரலால் அடித்தார். கோகிலவாணியைக் கொண்டுபோய்க் கடைசியில், பெரிய பாறைக்குப் பின்னால் நிறுத்தினார். சிகாமணியை முன்னால் வைத்தார்.

"இதத்தானுங்க நானும் பண்ணினேன்!" என்று கத்திவிட்டேன். "முப்பத்தொரு தடவ பண்ணினதுக்கு ஒரு வாரம் வீட்டுக்கு வரல. இப்ப நீங்களே முன்னால போறீங்க?"

"நானாப் போறது வேற," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ அனுப்பறது வேற. சத்தம் போடாத, கல்லு உருளுதா பாரு."

கல் இடது பக்கம் உருண்டது. நான் இடது பக்கம் போகாதீர்கள் என்றேன். அவர் இடது பக்கம் போனார். நங்கையின் தம்பி என்று நிரூபித்துக்கொண்டார். இரண்டாவது சுற்றில் ஓர் அம்பு வந்தது. அதற்குப் பிறகு மற்ற இருவரும் ஒவ்வொருவராக விழுந்தார்கள். கோகிலவாணி மட்டும் பாறைக்குப் பின்னால் கடைசிவரை பத்திரமாக நின்றாள். அவளுக்கு ஒரு நகர்வுகூட வரவில்லை. ஒரு படைத்தலைவிக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. இதைப் பற்றி மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் சண்டை போட வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

மற்றவற்றையும் அவரே வரிசையாக விளையாடினார். ரயிலில் மெயின்டனன்ஸ் பெட்டியைக் கடைசிவரை கழற்றவில்லை. கடைசி ஸ்டேஷன் வரை போய்ச் சேர்ந்துவிட்டார், எனக்கு வயிறு எரிந்தது. தவளையில் நான்கு சுற்று, எறும்பில் ஐந்து. கப்பலில் ஏறவே மாட்டேன் என்றார், அதனால் கட்டுரையில் ஏழு ஆறாகிவிட்டது. தலைப்பை ஷெரின் மாற்றிக்கொள்ளட்டும்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லா எண்களையும் அனுப்பினேன். கணவாய் ஆட்டத்துக்குக் கீழே மட்டும் அவர் பக்கத்தில் நின்று சரிபார்த்த பிறகு:

'சிகாமணி: இரண்டு சுற்று. சொந்த விருப்பத்தின் பேரில்.'